அரைப் பேரும் ஆகாய மைலும்

சம்பளம் விழுந்த மறுநாள் மாலை. பதுளை பஸ் நிலையத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு சுப்பர் மார்க்கெட்டில் வரிசை வாசல் வரை நிற்கிறது. எனக்கு முன்னால் ஒரு டீச்சர். ஹாலி எலப் பக்கம் தோட்டப் பாடசாலை ஒன்றில் கணக்குப் படிப்பிக்கிறவர். பத்துக் கிலோ சம்பா, பால்மா, பருப்பு, சலவைத்தூள் என்று மேசை நிறைந்துவிட்டது. கைப்பைக்குள் நோட்டுகள் தெரிகின்றன. ஆனாலும் அவர் நீட்டியது கடனட்டையைத்தான். நான் பார்த்ததைக் கவனித்திருக்க வேண்டும்.

"பாயிண்ட் சேருது சேர். நாலு வருஷத்துல திருச்சிக்கு ஒரு டிக்கெட் வந்திரும்." தாத்தாவின் ஊர் துறையூர்ப் பக்கமாம். இதுவரை போனதில்லை.

பில்லை மடித்து வைத்துவிட்டு போனைத் தட்டிப் பார்த்தார். "இன்னும் விழல்ல."

எனக்குச் சிரிப்பு வந்தது. நான் வளர்ந்தது பசறை ரோட்டில் ஒரு தோட்டத்து லயத்தில். கொழுந்து நிறுத்துவிட்டு வரும் பெண்கள் அங்கே ஒருவரையொருவர் கேட்பதும் இதையேதான்: "பேர் விழுந்துச்சா?" தோட்டத்தில் பேர் என்றால் செக்ரோல் என்ற பதிவேட்டில் பதியும் ஒரு நாள் சம்பளம். சொன்ன கிலோ எடுத்தால் முழுப் பேர். குறைந்தால் அரைப் பேர். மழை, அட்டை, குளவி எதையும் கணக்கப்பிள்ளை கேட்கமாட்டார். பேர் விழுந்ததா, இல்லையா, அவ்வளவுதான். விமானக் கம்பெனிகளின் மைல் கணக்கும் எனக்குச் செக்ரோல் மாதிரியே தெரிகிறது. யார் உழைப்பில், யார் செலவில், யார் பேரில் விழுகிறது என்பதுதான் அதிலும் கேள்வி.

மைல் கணக்கின் கதை பழையது. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1981 மே 1ஆம் திகதி ஏஅட்வாண்டேஜ் என்ற திட்டத்தைத் தொடங்கியது. அடிக்கடி பறக்கிறவர் வேறு கம்பெனிக்குப் போய்விடாமல் இருக்க ஓர் இலவச டிக்கெட் ஆசை காட்டுவதுதான் அப்போதைய யோசனை. 1987இல் சிட்டி பாங்க் அதைக் கடனட்டையோடு முடிச்சுப் போட்டது. அதன் பிறகு மைல் சேர்க்கப் பறக்கவே தேவையில்லை, பருப்பு வாங்கினால் போதும். நம் நாட்டில் ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸின் ஃப்ளைஸ்மைல்ஸ் இந்த வகைதான். 2014 மே 1ஆம் திகதி ஸ்ரீலங்கன் ஒன்வேர்ல்ட் கூட்டணியில் சேர்ந்த பிறகு கத்தார் எயார்வேஸ் மாதிரியான கூட்டாளிகளில் பறந்தாலும் இந்தக் கணக்கில் மைல் சேர்த்துக்கொள்ளலாம்.

வங்கிக்கு இதில் என்ன வந்தது? கடைக்காரர் அட்டையில் நூறு ரூபாய் வாங்கினால் அவர் கணக்குக்கு முழு நூறும் வருவதில்லை. இடையில் இருக்கும் வங்கிகளும் அட்டை நிறுவனமும் தங்கள் பங்கைப் பிடித்துக்கொள்ளும். அந்தப் பங்கில் ஒரு துளியைக் கொடுத்து வங்கி விமானக் கம்பெனியிடம் மைல் வாங்கி, டீச்சருக்குப் பாயிண்டாகத் தருகிறது. விமானக் கம்பெனிக்குக் காசு இன்றைக்கே வந்துவிடுகிறது. ஆசனம் கொடுக்க வேண்டியது எப்போதோ. அதுவும் மற்றபடி காலியாகப் போயிருக்கக்கூடிய ஆசனம். நிறையப் பேர் மைல் காலாவதியாகும் வரை தொடுவதேயில்லை. இது எவ்வளவு பெரிய வியாபாரம் என்பது கொரோனா காலத்தில்தான் வெளியே தெரிந்தது. விமானங்கள் தரையில் நின்ற 2020இல் யுனைட்டட் தன் மைல் திட்டத்தையே ஈடு வைத்து 680 கோடி டொலர் கடன் எடுத்தது. அடுத்த ஆண்டு அமெரிக்கன் அதே வழியில் 1,000 கோடி டொலர் எடுத்தது. நம் வீடுகளில் தாலிக்கொடியை அடகுக் கடைக்குக் கொண்டுபோவது போல, அவர்கள் மைல் கணக்கைக் கொண்டுபோனார்கள்.

டீச்சரின் நாலு வருஷக் கணக்குக்கு வருவோம். வங்கிக்கு வங்கி விகிதம் வேறு. 200 ரூபாய்க்கு ஒரு பாயிண்ட் என்றே வைத்துக்கொள்வோம். மாதம் 60,000 ரூபாய் அட்டையில் போனால் 300 பாயிண்ட். ஒரு பாயிண்ட் ஒரு ரூபாய் பெறும் என்று தாராளமாகப் பார்த்தால் 300 ரூபாய். மாத முடிவில் முழுப் பணத்தையும் கட்டிவிட்டால் இது சும்மா வந்த காசு, சந்தேகமில்லை. கட்டத் தவறினால்? 2023 ஆகஸ்டில் மத்திய வங்கி வட்டிகளுக்கு உச்சவரம்பு விதித்தபோது கடனட்டைக்கு ஆண்டுக்கு நூற்றுக்கு 28, நகை அடகுக்கு 18 என்று வைத்தது. அந்த 28ஐக் கொண்டே 60,000 ரூபாய்க்கு ஒரு மாத வட்டி போட்டால் 1,400 ரூபாய் வரும். ஏறக்குறைய ஐந்து மாதப் பாயிண்ட் ஒரே மாதத்தில் போய்விடும். சங்கிலியை அடகு வைத்து அரிசி வாங்குவதே இதைவிட மலிவு.

இதை நான் பட்டுத்தான் படித்தேன். ஒரு முறை கட்டவேண்டிய கடைசி நாள் போயா விடுமுறை. மறுநாள் போய்க் கட்டினேன். தாமதக் கட்டணம், வட்டி இரண்டும் அடுத்த மாதக் கணக்கில் வந்து நின்றன. வட்டியை மிச்சத் தொகைக்கு மட்டும் போடவில்லை, ஒவ்வொரு பொருளையும் வாங்கிய நாளிலிருந்தே போட்டிருந்தார்கள். விதிகளில் அப்படித்தான் இருக்கிறதாம், வாசிக்கக் கண்ணாடி போதாது. ஒரு வருஷப் பாயிண்டைக் கொடுத்து ஒரு அயன் பாக்ஸ் எடுத்தேன். ஆகாயத்துக்கு ஆசைப்பட்டவனுக்குச் சட்டை தேய்க்கிற பெட்டி.

இன்னொரு குழியும் உண்டு. பதுளையில் மட்டுமல்ல, பண்டாரவளையிலும் வெலிமடையிலும் சில கடைகளில் "கார்ட்னா மூணு வீதம் கூட" என்பார்கள். வங்கிக்குக் கொடுக்கவேண்டிய கட்டணத்தை வாடிக்கையாளர் தலையில் வைப்பது அது. அப்படிக் கூட்டி வாங்கக் கூடாது என்று மத்திய வங்கி பலமுறை சொல்லியிருக்கிறது. கேட்டால் கடைக்காரர், "அப்ப காஷ் தாங்க," என்பார். 300 ரூபாய் பாயிண்டுக்காக 1,800 ரூபாய் கூடக் கொடுக்கும் ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். கணக்கு டீச்சர் அப்படிச் செய்யமாட்டார் என்று நம்புகிறேன்.

சில கடைகள் காசுக்கும் அட்டைக்கும் ஒரே விலை சொல்லும். பார்க்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த வங்கிக் கட்டணம் விலைக்குள்ளேயே ஒளிந்திருக்கும். அன்றைக்கு டீச்சருக்குப் பின்னால், எனக்கும் பின்னால், மடுல்சீமைப் பஸ்ஸுக்கு அவசரப்பட்டுக்கொண்டு ஓர் அக்கா நின்றார். கையில் இரண்டு கிலோ மா, ஒரு சவர்க்காரம். கசங்கிய நோட்டுகளை எண்ணி எண்ணிக் கொடுத்தார். மாவின் விலையில் டீச்சரின் பாயிண்டுக்கான துளியும் சேர்ந்திருந்தது. அவருக்கு ஒன்றும் விழவில்லை. 2024இல் தோட்டத்து அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயானது. அப்போது இருபத்தைந்து நாள் முழுப் பேர் விழுந்தாலும் 33,750 ரூபாய்தான். அதற்குள்ளேதான் தீபாவளி அட்வான்ஸும் கழிய வேண்டியிருந்தது. அந்தச் சம்பளச் சீட்டை வைத்துக்கொண்டு கடனட்டை கேட்டுப் போகிறவர் யார்? தோட்டத்துக்காரருக்கு இன்னும் கடை முதலாளியின் கொப்பிதான் கடனட்டை. அதில் வட்டி எழுதுவதில்லை, விலையில் எழுதிவிடுவார்கள்.

கடனில் பயணம் போவது நமக்குப் புதிதா? 1904இல் இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் சேர்க்கும் தொழில் ஆணையத்தின் தலைமை அலுவலகம் அமைந்தது டீச்சர் போக நினைக்கும் அதே திருச்சியில். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டின் டிக்கெட் என்றொரு முறை இருந்தது. தோட்டத்தைக் குறிக்கும் எழுத்தும் எண்ணும் பொறித்த ஒரு சின்னத் தகர வில்லை. கையில் காசில்லாதவர் அதைக் காட்டி ரயிலும் கப்பலும் ஏறித் தோட்டம் வரை வந்துவிடலாம். வழியில் சோறும் உண்டு. எல்லாச் செலவும் தோட்டத்தின் கணக்கில் ஏறும். தோட்டம் அதை வந்தவரின் கணக்கில் ஏற்றும். முதல் கொழுந்தைக் கிள்ளுவதற்கு முன்பே ஆள் கடனாளி. 1923இல் வந்த சட்டத்துக்குப் பிறகுதான் அழைத்து வரும் செலவு தொழிலாளியின் தலையிலிருந்து இறங்கியது.

அதோடு 'துண்டு' என்று ஒரு தாளும் இருந்தது. ஆள் சேர்த்து அழைத்து வந்த கங்காணியும் அவர் ஆட்களும் பட்ட மொத்தக் கடனை எழுதித் தோட்டத் துரை கொடுக்கும் சீட்டு அது. அந்தக் கடனைத் தீர்க்கிற வேறு துரை ஆட்களைத் தன் தோட்டத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். 1921இல் இதை ஒழித்தார்கள். இன்றைக்கு ஒரு வங்கியின் அட்டைக் கடனை வேறொரு வங்கி கட்டிவிட்டு ஆளைத் தன் பக்கம் இழுக்கும் பாலன்ஸ் ட்ரான்ஸ்ஃபர் விளம்பரம் போனில் வரும்போதெல்லாம் எனக்குத் துண்டு ஞாபகம்தான் வரும். இரண்டும் ஒன்று என்று சொல்லவரவில்லை. அட்டைக்காரரை யாரும் லயத்தில் அடைப்பதில்லை.

எங்கள் ஊவாத் தோட்டங்களிலிருந்து உண்மையில் அதிகம் பறக்கிறவர்கள் யார்? டீச்சர்மார் இல்லை, நானும் இல்லை. குவைத்துக்கும் சவூதிக்கும் வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள்தான். பதுளையிலிருந்து ராத்திரி பஸ் ஏறிக் கட்டுநாயக்கா போய், அங்கிருந்து விமானத்தில் ஐந்தாறு மணித்தியாலம். இரண்டு வருஷம் கழித்து லீவு, மறுபடியும் பயணம். டிக்கெட் ஏஜென்சி எடுப்பது, அல்லது அந்த வீட்டு எஜமான் எடுப்பது. "டிக்கெட் நாங்க எடுக்கல்லயே, நமக்கு என்னாத்துக்குப் பாயிண்டு?" என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள்.

அங்கேதான் விஷயம் இருக்கிறது. கடனட்டைப் பாயிண்ட் காசு கட்டுகிறவருக்கு. ஆனால் பறந்ததற்கான மைல், ஆசனத்தில் உட்கார்ந்து போகிறவருக்கு. டிக்கெட்டை யார் வாங்கியிருந்தாலும் அப்படித்தான். திட்டத்தில் சேரக் காசு கேட்பதில்லை, வங்கியும் சம்பளச் சீட்டும் வேண்டாம். இலக்கத்தைப் பயணத்தின்போது கொடுத்தால் போதும். மலிவு டிக்கெட்டுகளில் மைல் குறைவாக விழும், சிலவற்றில் விழவே விழாது. இலவச டிக்கெட் எடுத்தாலும் வரியைக் காசாகக் கட்ட வேண்டும். ஆனாலும் பத்து வருஷம் போய்வந்த ஒருத்தியின் பேரில் ஒரு மைல்கூட இல்லாமல் இருப்பதற்குக் காரணம் இவை இல்லை. அவருக்கு யாரும் சொல்லவில்லை என்பதுதான்.

நமுனுகுலைப் பக்கம் என் உறவில் ஒரு அக்கா அப்படி ஐந்து முறை போய்வந்தவர். போர்டிங் பாஸ்களை பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருக்கிறார், பிள்ளைகளின் தடுப்பூசி அட்டைகளோடு. பழையவற்றுக்கு இனி ஒன்றும் செய்ய முடியாது, பின்னால் கேட்பதற்குக் காலவரம்பு உண்டு. அடுத்த மாதம் ஆறாவது பயணம். நான் சொன்னதைக் கேட்டு ஏஎல் படிக்கும் மகள் போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முதல் கட்டத்திலேயே நின்றுவிட்டாள். கடவுச்சீட்டில் இருக்கிற மாதிரியே பெயரைப் போட வேண்டும், ஓர் எழுத்து மாறினாலும் மைல் சேராமல் போகலாம். அக்காவின் பிறப்புச் சான்றிதழில் தோட்டத்துக் கிளாக்கர் எழுதியது ஒரு பெயர். சிங்களத்தில் எழுதியதால் அடையாள அட்டையில் அது வேறு மாதிரி ஆகியிருந்தது. ஏஜென்சிக்காரன் அதை ஆங்கிலத்தில் எழுதியபோது இன்னொரு மாதிரி. செக்ரோலில் இருந்தது இது எதுவுமில்லை.

"கடவுச்சீட்டுல உள்ளதப் போடு," என்றேன்.

அக்கா டின்னைக் கவிழ்த்துக் கடவுச்சீட்டைத் தேடி எடுத்து, விரித்து, கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார். "இதுல என்னா பேர் போட்டிருக்குன்னு வாசிச்சுச் சொல்லு, புள்ள."