நாற்பது கிராமில் தொடங்கும் கோழி

பல்லடம் பக்கம் பஸ்ஸில் போகிறவர்களுக்கு, காடுகளுக்கு நடுவே கிழமேற்காக நீண்டு கிடக்கும் கொட்டகைகள் கண்ணில் படும். எல்லாம் பிராய்லர் பண்ணைகள். பக்கவாட்டில் வெயில் உள்ளே ஏறக் கூடாது என்றுதான் அந்தத் திசை. கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வாயைப் பிளந்து மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும்.

பெரிய கோழிக்குச் சூடு எமன் என்றால், குஞ்சுக்குக் குளிர். பொரித்த ஓரிரு நாளுக்குள் பெட்டிகளில் வந்து இறங்கும் குஞ்சு ஒவ்வொன்றும் சுமார் 40 கிராம். மஞ்சள் கருவின் மிச்சம் வயிற்றுக்குள் இருப்பதால் வழியில் பட்டினி தாங்கும். தாய் இறகுக்குப் பதில் இங்கே புரூடர் விளக்கு. கீழே தேங்காய் மஞ்சி, சுற்றிலும் தகட்டு வளையம். முதல் வாரம் 32 டிகிரிக்குக் குறையக் கூடாது. தெர்மாமீட்டர் தொங்கினாலும் பழகிய பண்ணைக்காரர் குஞ்சைத்தான் பார்ப்பார். விளக்கடியில் குவிந்தால் குளிர்கிறது, தகட்டோரம் ஒதுங்கினால் சுடுகிறது, பரவலாக மேய்ந்தால் சரி. நடுராத்திரி கரண்ட் போய்க் கவனிக்காமல் விட்டால், குவியலின் அடியில் கிடப்பவை மூச்சுமுட்டிச் செத்துவிடும்.

மஞ்சியையும் கையில் அள்ளி அழுத்திப் பார்ப்பார். உதிர்ந்தால் நல்லது. உருண்டையாக நின்றால் ஈரம் ஏறிவிட்டது. எங்கோ தண்ணீர் நிப்பிள் ஒழுகுகிறது. இனி அம்மோனியா கிளம்பும், நமக்கே கண் எரியும்.

ஆறு வாரத்துக்குள் இரண்டு கிலோ. ஹார்மோன் ஊசிதான் காரணம் என்று டீக்கடையில் சொல்வார்கள். ஐயாயிரம் கோழியை ஒவ்வொன்றாகப் பிடித்து யார் ஊசி போடுவது? கார்னிஷ், வெள்ளை பிளைமவுத் ராக் வழிவந்த கோழிகளில் வேகமாக வளர்பவற்றையே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி இணைத்ததுதான் காரணம். மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும் மீதி. அந்த வேகத்துக்குக் காலும் இதயமும் ஈடுகொடுக்காத கோழிகளும் உண்டு. கவலைப்படத்தான் வேண்டும் என்றால் ஆன்டிபயாட்டிக்கைப் பற்றிக் கவலைப்படலாம். மனிதருக்குக் கடைசிக்கட்ட மருந்தான கோலிஸ்டினைக் கால்நடை, கோழிகளுக்குக் கொடுக்க 2019இல்தான் இந்தியா தடை விதித்தது.

கொங்குப் பக்கம் பெரும்பாலும் ஒப்பந்த வளர்ப்பு. குஞ்சு, தீவனம், மருந்து கம்பெனியுடையவை. கொட்டகை, தண்ணீர், கரண்ட், உழைப்பு பண்ணைக்காரருடையவை. கோழி ஏற்றும் நாளில் கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி கணக்காகும். தீவனம் அதிகம் தின்றிருந்தாலோ, சாவு கூடியிருந்தாலோ கூலி குறையும். முதல் வாரத்தில் அவர் கட்டிலைக் கொட்டகை வாசலில் போட்டுக்கொள்வது அதனால்தான்.