உங்களுக்குத் தெரியுமா? அழுத்தமான நிறமாலைக் கோடு என்றால் அணு அதிகம் என்று அர்த்தமில்லை

ஹீலியம் அணு ஒரு குறிப்பிட்ட கிளர்நிலையிலிருந்து ஒளி உமிழ்ந்து இறங்க, சராசரியாக 2 மணி நேரத்துக்கு மேல் காத்திருக்கும். வேறொரு நிலையிலிருந்து, ஒரு விநாடியின் 7 கோடியில் ஒரு பங்கிலேயே இறங்கிவிடும். 1868 ஆகஸ்ட் 18 சூரிய கிரகணத்தில் சென்னை வானாய்வகத்தின் போக்சன் மசூலிப்பட்டினத்தில் பார்த்த மஞ்சள் கோடு இந்த அவசரக்கார வகை. ஆகவே ஜவ்வாது மலையின் காவலூர்த் தொலைநோக்கியில் ஒரு கோடு அழுத்தமாக விழுந்ததாலேயே அந்தத் தனிமம் நட்சத்திரத்தில் மிகுதி என்று சொல்லிவிட முடியாது. அந்த நிலையில் எத்தனை அணுக்கள், ஒவ்வொன்றும் தாவும் நிகழ்தகவு எவ்வளவு என்ற இரண்டும் சேர்ந்தே கோட்டின் வலிமையைத் தீர்மானிக்கின்றன.

நிகழ்தகவைக் கணக்கிட்டே சொல்லலாமே என்று கேட்கலாம். ஹைட்ரஜனுக்குச் சரி, ஹீலியத்துக்கும் சரி. கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜனில் எலெக்ட்ரான்கள் ஒன்றையொன்று தள்ளிக் குழப்புவதால், கணக்கைச் சோதிக்க அளவீடு வேண்டும். குளிரூட்டிய சுவர்களுக்கு நடுவே, 10,000 கெல்வினுக்கு மேல் எரியும் மின்வில் பிளாஸ்மாவில் அது நடக்கிறது. பிரகாசத்தை அளப்பது சுலபம். வெப்பநிலையைச் சரியாகப் பிடிப்பதுதான் பாடு. அந்த வெப்பநிலையில் எத்தனை அணு அயனியானது என்று சொல்வது மேகநாத சாகா 1920-இல் வெளியிட்ட சமன்பாடு.