ஜவ்வாது மலைக்கு பைக் பயணம்: எந்தப் பை, எங்கே கட்டுவது?

சனிக்கிழமை காலையில் சென்னையிலோ வேலூரிலோ கிளம்பி, ஜமுனாமரத்தூரில் ஓர் இரவு தங்கி, ஞாயிறு மாலை வீடு திரும்பும் பைக்காரர்களுக்கு ஜவ்வாது மலை பழகிய இடமாகிவிட்டது. பீமன் அருவி, கோமுட்டேரிப் படகுத்துறை, காவலூர் வைணு பாப்பு வானாய்வகம் என்று ஒரே சுற்றில் பார்த்துவிடலாம். வண்டியை சர்வீஸ் விட்டு, டயரையும் மாற்றிவிட்டுக் கிளம்புகிறவர்கள்கூடப் பையைப் பற்றிக் கடைசி நேரத்தில்தான் யோசிக்கிறார்கள். கைக்குக் கிடைத்த காலேஜ் பையோடு புறப்பட்டுவிடுகிறார்கள்.

சமவெளியில் அது பெரிதாகத் தெரியாது. போளூர், ஆலங்காயம், அமிர்தி, புதூர்நாடு என்று எந்தப் பக்கமாக ஏறினாலும் வளைவுக்குப் பின் வளைவு. வண்டி சாயும்போது பை ஒரு பக்கமும் வண்டி ஒரு பக்கமும் போனால், ஹேண்டிலில் எவ்வளவு பழக்கம் இருந்தாலும் கோடு தப்பும். அதனால் பை வாங்கும்போது எத்தனை லிட்டர் என்று கேட்பதற்கு முன் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: இது என் வண்டியில் ஆடாமல் நிற்குமா?

முதுகுப் பையை வேண்டாம் என்றே சொல்வேன். சென்னையிலிருந்து போக மட்டும் இருநூறு கிலோமீட்டருக்கு மேல் தோளில் எடை தொங்கினால், மலை ஏறத் தொடங்கும்போதே கழுத்தும் கவனமும் களைத்துப்போகும். உயரத்தில் இருக்கும் எடை ஒவ்வொரு சாய்விலும் உடலை இழுக்கும். பைக்குள் ஸ்பேனர், சார்ஜர், பூட்டு என்று கெட்டியான பொருள்கள் இருந்து, மல்லாந்து விழ நேர்ந்தால், அடி நேராக முதுகெலும்புக்குத்தான்.

ஓர் இரவுப் பயணத்துக்கு, தனியாகப் போகிறவருக்கு, பின் சீட்டில் கட்டும் 30 முதல் 40 லிட்டர் டெயில் பேக் போதும். இரண்டு செட் துணி, ஸ்வெட்டர், பஞ்சர் கிட், முதலுதவிப் பொருள்கள் எல்லாம் அதில் அடங்கும். பெரிய பை வாங்கினால் அதை நிரப்பத்தான் மனம் போகும். கனமான பொருள் அடியிலும், ஓட்டுபவரின் முதுகை ஒட்டியும் இருக்கட்டும். பின்சக்கர அச்சைத் தாண்டி எடை தொங்கினால் ஏற்றத்தில் முன்சக்கரம் லேசாகிவிடும். திருப்பும்போது பிடிப்பு குறைவதைக் கையே உணரும். பெட்டி பொருத்துகிறவர்களுக்கு 2020இல் திருத்தப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதிகள் அளவே சொல்லியிருக்கின்றன: நீளம் 55, அகலம் 51, உயரம் 50 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, பின் சீட் இடத்தில் அதை வைத்தால் ஓட்டுபவர் மட்டுமே போகலாம்.

இருவர் போனால் சைடு பேக் தேவைப்படும். எடை தாழ்வாக, இரு பக்கமும் சமமாக இருக்கும் என்பது அதன் பலம். ஆனால் நம் ஊர் வண்டிகளில் ஒரு சிக்கல். இடப் பக்கம் சாரி கார்டு இருப்பதால் பை சக்கரத்தில் படாது. வலப் பக்கம் பெரும்பாலான வண்டிகளில் சைலன்சர்தான் இருக்கிறது. பையைச் சற்றுத் தாழ்த்திக் கட்டினாலே துணி உருகும். காற்றில் உள்பக்கம் மடிந்தால் டயரை உரசும். இரண்டு பக்கமும் கம்பிச் சட்டம் பொருத்திய பிறகே சைடு பேக் வாங்குவது நல்லது. கடையில் பையை வெறுமையாக மாட்டிப் பார்க்காதீர்கள். எடை போட்டுக் கட்டி, பின்னால் ஆளை உட்கார வைத்து, டயருக்கும் பைக்கும் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள்.

டேங்க் பேக் பணம், போன், தண்ணீருக்கு வசதி. காந்தம் வைத்தது இரும்பு டேங்கில்தான் ஒட்டும், பிளாஸ்டிக் உறை போட்ட டேங்குக்கு வார் வைத்ததுதான் வேண்டும். ஹேண்டிலை முழுக்க இருபுறமும் திருப்பிப் பார்த்து, ஹாரன் பட்டனைப் பை அழுத்தவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

கட்டும் கயிற்றில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கொக்கி வைத்த எலாஸ்டிக் கயிறு மலிவு, எங்கும் கிடைக்கும். ஆனால் அது இழுபடும் தன்மை கொண்டது. ஒவ்வொரு குழியிலும் நீண்டு சுருங்கி, பையை மெல்ல நகர்த்திக்கொண்டே இருக்கும். கழன்றால் கொக்கி சக்கரத்தின் கம்பியிலோ செயினிலோ மாட்டிச் சக்கரம் இறுகிவிடலாம். கட்டும்போது கை நழுவித் தெறித்த கொக்கியால் பார்வை இழந்தவர்களைப் பற்றிக் கண் மருத்துவ இதழ்கள் பதிவு செய்திருக்கின்றன. இழுபடாத நைலான் வாரும் பக்கிளும் உள்ள பையையே தேடுங்கள். சீட்டைக் கழற்றி, வாரைச் சட்டத்தில் நான்கு முனைகளில் சுற்றி, தொங்கும் நுனியை மடித்துச் செருகுங்கள். கிளம்பிப் பத்துப் பதினைந்து கிலோமீட்டரில் ஒருமுறை நிறுத்தி இறுக்குங்கள். துணி அமுங்கி வார் தளர்ந்திருக்கும்.

மழைக்கு, மேலே போர்த்தும் உறையை மட்டும் நம்ப வேண்டாம். வேகத்தில் அது காற்றில் உப்பிப் பறந்துவிடும். பின்சக்கரம் வாரியடிக்கும் சேறு அடிப்பக்கமாக ஏறும். வாயைச் சுருட்டி மூடும், தையலை வெப்பத்தால் ஒட்டிய நீர்புகாப் பை விலை கூடுதல்தான், ஆனால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை போகிறவருக்கு அந்தச் செலவு தகும். மழைக்கோட்டை மட்டும் பைக்குள் வைக்காமல் மேலே, தனி வாரில் கட்டுங்கள்.

சுமை ஏறியதும் பின்பக்கம் தாழ்ந்து, ஹெட்லைட் மேலே தூக்கிக்கொள்ளும். இருட்டில் எதிரே வருபவரின் கண் கூசும், உங்களுக்கோ முன்னால் கிட்டத்தில் இருக்கும் சாலை தெரியாது. லைட்டைச் சற்றுத் தாழ்த்தி, பின் டயரில் இருவர் ஏறும்போது வைக்கச் சொல்லியிருக்கும் அளவு காற்றை நிரப்பிக்கொள்ளுங்கள்.

போகும்போதே பையில் கால்வாசி காலியாக இருக்கட்டும். மலையில் தேனும் சாமையும் புளியும் கிடைக்கும். மலைவாழ் மக்களின் உழைப்புக்கு நேராகப் பணம் போய்ச் சேர, அவற்றை அவர்களிடமே வாங்குவதைவிட நல்ல வழி இல்லை. வாங்கிய சாமையை டெயில் பேக்கின் மேல் மூட்டையாகக் கட்டாதீர்கள். இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் அது முன்னால் சரிந்து முதுகில் முட்டும். துணிகளை வெளியே எடுத்து, சாமையைப் பையின் அடியில் பரப்பி, தேன் பாட்டிலைத் துண்டில் சுற்றி நிமிர்த்தி வைத்து, மேலே துணிகளை அடுக்கி, வாரை மறுபடியும் இறுக்குங்கள்.