அப்பாவுக்கு ஹெல்த் இன்சூரன்ஸ்: 60 வயசுல இல்ல, 57-லயே தொடங்குங்க!

அப்பா, அம்மா தஞ்சாவூர்லயோ மன்னார்குடியிலயோ இருக்காங்க. நீங்க சென்னையிலயோ பெங்களூருலயோ வேலை பார்க்கறீங்க. "கம்பெனி குரூப் பாலிசியில சேர்த்தாச்சு, போதும்"னு நினைக்கிறீங்களா? அப்போ இந்தப் பதிவு உங்களுக்குத்தான்.

அமெரிக்காவில் 65 வயதில் மெடிகேரில் சேர்ந்தவர்களுக்கு, துணைப் பாலிசி எடுக்க 6 மாத அவகாசம் உண்டு. அதற்குள் கேட்டால், நோயைக் காரணம் காட்டி மறுக்க முடியாது. நம்ம ஊர்ல அப்படி ஒரு சலுகைக் காலம் இல்லைங்க. இங்கே கெடு தேதியை நாமதான் குறிச்சு வைக்கணும்.

கெடு 1: 36 மாதம்

சுகர், பிபி போல ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் உண்டு. ஐஆர்டிஏஐ 2024 ஏப்ரலில் இதை அதிகபட்சம் 48 மாதத்திலிருந்து 36 ஆகக் குறைத்தது. அப்பா 2029 ஜூன்ல ரிட்டையர்னா, 2026 ஜூனுக்குள்ள பாலிசி கையில இருக்கணும். நடவுக்கு ஆள் வந்த பிறகு நாற்று விட்டா என்ன ஆகும்? அதே கதைதான். வயலை நம்பி இருக்கும் அப்பாவுக்கு ரிட்டையர்மென்ட் தேதியே கிடையாது; அவருக்கும் 57-ன்னே வெச்சுக்குங்க.

கெடு 2: உங்க கடைசி வேலை நாள்

நீங்க வேலையை விட்டா, பொதுவா அன்னைக்கே பெற்றோர் கவரும் போயிடும். அதே நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறினால், காத்திருந்த காலம் கணக்கில் வரும். ஆனா ஏற்பதா வேண்டாமா என்று நிறுவனம் பரிசீலித்துத்தான் முடிவு செய்யும். அதனால பேப்பர் போடறதுக்கு முன்னாடியே ஹெச்ஆர்கிட்ட கேளுங்க.

கெடு 3: ரெனியூவலுக்கு 45 நாள் முன்

வேறு நிறுவனத்துக்கு போர்ட் செய்ய, பெரும்பாலான பாலிசிகளில் 45 நாட்களுக்கு முன்பே விண்ணப்பிக்கச் சொல்கிறார்கள். ஆண்டு பிரீமியத்துக்கு 30 நாள் கிரேஸ் உண்டு. ஆனா அந்த இடைவெளியில் வரும் செலவுக்கு கிளெய்ம் கிடைக்கும்னு நம்பாதீங்க.

சூப்பர் டாப்-அப் எடுக்கலாமா?

எடுக்கலாம். 5 லட்சம் டிடக்டிபிள் உள்ள பாலிசி என்றால், வருஷத்துல 12 லட்சம் செலவானா மேலே உள்ள 7 லட்சத்தை அது பார்த்துக்கும். முதல் 5 லட்சத்துக்கு வேற பாலிசி வேணும். இல்லைன்னா அது உங்க பாக்கெட்ல இருந்துதான். இதுக்கும் தனிக் காத்திருப்புக் காலம் ஓடும் என்பதை மறக்காதீங்க.

முதல்ல இதைப் பாருங்க

குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் வரை கவர் உண்டு. அப்பா குறைந்தது 5 வருஷம் ஈஎஸ்ஐயில் இருந்து ஓய்வு பெற்றால், வருஷத்துக்கு 120 ரூபாய் கட்டி, தனக்கும் அம்மாவுக்கும் மருத்துவ வசதியைத் தொடரலாம்.

ஒண்ணு மட்டும் செய்யாதீங்க: பிரீமியம் ஏறும்னு சுகர் மாத்திரையை மறைக்காதீங்க. கிளெய்ம் நேரத்துல பழைய மருந்துச் சீட்டே காட்டிக்கொடுத்துடும்.

இன்னைக்கு ராத்திரி வீட்டுக்குப் போன் பண்ணும்போது, அப்பாவோட ரிட்டையர்மென்ட் தேதியைக் கேளுங்க. அதிலிருந்து 3 வருஷம் கழிச்சுப் பாருங்க. அந்தத் தேதி ஏற்கெனவே தாண்டிப் போயிருந்தா, இந்த மாசமே எடுத்துடுங்க. 65 தாண்டியவர்களுக்கும் இப்போ பாலிசி உண்டு; ஆனா தள்ளிப்போடுற ஒவ்வொரு மாசமும் 36 மாதக் கணக்கு தொடங்காமலே நிக்குது.