டீசல் வரியும் மரக்கறி லொறிக் கூலியும்

அக்கரப்பத்தனையில் கரட், லீக்ஸ், கோவா மூட்டைகளை ஏற்றிய லொறி லிந்துலை, தலவாக்கலை, ஹட்டன் வழியாகக் கொழும்புக்குப் போய்ச் சேரும்போது அரசாங்கத்துக்கு ஒரு தொகை வரி போய்ச் சேர்ந்துவிடுகிறது. அதைச் செலுத்தியவர் யார் என்று கேட்டால், லொறி முதலாளி என்றே நம்மில் பலர் சொல்வோம். பணத்தை நிரப்பு நிலையத்தில் எண்ணிக் கொடுத்தவர் அவர்தான். ஆனால் அவர் அதைக் கூலியில் சேர்க்கிறார்; வியாபாரி கூலியை மரக்கறி விலையில் கழிக்கிறார். கடைசியில் லயத்துக்குப் பக்கத்தில் ஒரு துண்டு நிலத்தில் பயிர் செய்பவரின் கைக்கு வரும் காசில்தான் அது குறைகிறது. மறைமுக வரி என்பது இதுதான்.

டீசலின் விலை எப்படி அமைகிறது? 2018 மே மாதம் அறிமுகமான விலைச் சூத்திரம் அதை நான்கு பகுதிகளாகப் பிரித்தது: எண்ணெய் நாட்டுக்கு வந்து இறங்கும் விலை, பதப்படுத்தும் செலவு, நிர்வாகச் செலவு, வரி. அடுத்த ஆண்டின் முடிவோடு அந்தச் சூத்திரம் கைவிடப்பட்டது. அதன் பின் விலையைச் செயற்கையாக அடக்கி வைத்ததன் பலனை 2022இல் நாடே அனுபவித்தது. அந்த ஆண்டின் தொடக்கத்தில் லீற்றர் 121 ரூபாயாக இருந்த ஒட்டோ டீசல் ஜூன் இறுதியில் 460 ரூபாயானது. மண்ணெண்ணெய் ஓகஸ்ட் மாதத்தில் ஒரே இரவில் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயானது. அடுப்புக்கும் விளக்கிற்கும் மண்ணெண்ணெயை நம்பியிருந்த தோட்டக் குடும்பங்களுக்கு அது எப்படிப்பட்ட அடி என்பதை விளக்க வேண்டியதில்லை.

வரிக்கு வருவோம். 2023 ஜனவரியில் டீசல் மீதான உற்பத்தி வரி லீற்றருக்கு 56 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இது லீற்றர் கணக்கில் அறவிடப்படும் வரி. உலகச் சந்தையில் எண்ணெய் மலிந்தாலும் இது மலியாது. 2024 ஜனவரி 1 முதல் 18 வீத வற் வரியும் எரிபொருளுக்கு வந்தது. அதுவரை விலக்கு இருந்தது. அதே வேளையில் 7.5 வீதத் துறைமுக, விமான நிலைய அபிவிருத்தி வரி நீக்கப்பட்டது. வற் வரி உற்பத்தி வரியையும் சேர்த்த தொகையின் மேல் கணக்கிடப்படுவதால், வரிக்கும் வரி கட்டுகிறோம். பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தின் பழைய கடனைத் திறைசேரி ஏற்றுக்கொண்டதால், அதை அடைக்க லீற்றருக்கு 50 ரூபாய் அறவிடப்படுவதாக 2025இல் எரிசக்தி அமைச்சர் கூறினார். ஆக, பழைய கடனிலும் மரக்கறி மூட்டைக்கு ஒரு பங்கு உண்டு.

வேறு நாடுகளில் இது இன்னும் சிக்கலானது. இந்தியாவில் மத்திய அரசின் உற்பத்தி வரிக்கு மேல் ஒவ்வொரு மாநிலமும் தனது விற்பனை வரியைச் சேர்க்கிறது. அதனால் லொறிக்காரர்கள் மாநில எல்லையில் எந்தப் பக்கம் மலிவோ அந்தப் பக்கத்தில் தாங்கியை நிரப்புகிறார்கள். அமெரிக்காவில் அந்தத் தந்திரம் பலிக்காது. மாநிலங்களுக்கிடையில் ஓடும் பெரிய லொறி எங்கே டீசல் அடித்தாலும், எந்த மாநிலத்தில் எத்தனை மைல் ஓடியதோ அந்த மாநிலத்துக்கு அதற்குரிய வரி சேர வேண்டும். உரிமையாளர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்குக் கொடுக்கிறார். நமது நாட்டில் எரிபொருள் வரி முழுவதும் மத்திய அரசுக்குரியது. மாகாண சபைக்குக் கிடைப்பது வாகன வருமான அனுமதிப்பத்திரக் கட்டணம் போன்றவைதான். ஆனாலும் அமெரிக்க லொறித் தொழிலில் நாம் கற்கக்கூடிய வழக்கம் ஒன்று உண்டு. கூலியைப் பேசும்போதே டீசலின் அடிப்படை விலை ஒன்றை இரு தரப்பும் எழுதிக்கொள்கிறார்கள். விலை அதற்கு மேல் ஏறினால் அதற்கேற்ப மேலதிகக் கட்டணம். இறங்கினால் அதுவும் இறங்கும்.

இங்கே அப்படி எழுத்தில் எதுவும் இல்லாதபடியால் “டீசல் ஏறிவிட்டது” என்ற ஒரு சொல்லே போதுமானதாகிறது. கணக்கைப் போட்டுப் பார்ப்போம். போகவர 350 கிலோமீற்றர், லீற்றருக்கு 5 கிலோமீற்றர் என்று வைத்துக்கொண்டால் ஒரு பயணத்துக்கு 70 லீற்றர். லீற்றர் 300 ரூபாய், அதில் வரி 100 ரூபாய் என்று கொண்டால், டீசல் செலவு 21,000 ரூபாய். அதில் வரி 7,000 ரூபாய். லொறியில் 5,000 கிலோ இருந்தால் ஒரு கிலோவுக்கு டீசல் செலவு 4 ரூபாய் 20 சதம், அதில் வரி 1 ரூபாய் 40 சதம். இப்போது டீசல் 20 ரூபாய் ஏறுகிறது. பயணத்துக்கு 1,400 ரூபாய் அதிகம். கிலோவுக்கு 28 சதம். லொறி பாதிதான் நிறைந்திருந்தாலும் 56 சதம். அதைச் சொல்லி கிலோவுக்கு ஐந்து ரூபாய் கழித்தால், நாலு ரூபாய்க்கு மேல் டீசலுக்குச் சம்பந்தமில்லாத காசு. 2022இல் ஏறிய 339 ரூபாயும் இதே கணக்கில் கிலோவுக்கு 4 ரூபாய் 75 சதமே ஆகிறது.

லொறி வைத்திருப்பவர்களுக்கும் நியாயம் செய்ய வேண்டும். ரூபாயின் மதிப்பு விழுந்த பின் டயரும் உதிரிப்பாகமும் ஏறின, லீசிங் வட்டி ஏறியது, 2022இல் நிரப்பு நிலைய வரிசையில் நாட்கணக்கில் நின்றார்கள். ஒற்றை லொறியை வைத்துப் பிழைப்பவர் பல நேரங்களில் விவசாயியைப் போலவே கடனாளி. அந்தச் செலவுகளையும் கூலியில் கேட்க அவருக்கு உரிமை உண்டு. ஆனால் டயருக்கு டயர் என்றும், வட்டிக்கு வட்டி என்றும் பெயர் சொல்லிக் கேட்கட்டும்.

வரி செலுத்துபவரின் சக்திக்கேற்ப வரிச்சுமை அமைய வேண்டும் என்று 1961இல் பாப்பரசர் இருபத்துமூன்றாம் அருளப்பர் தமது சுற்றுமடலில் எழுதினார். அதை அவர் விவசாயிகளைப் பற்றிய பகுதியிலேயே எழுதினார் என்பது கவனிக்கத்தக்கது. டீசல் வரி சக்தியைப் பார்ப்பதில்லை. கொழும்பில் சொகுசு ஜீப் ஓட்டுபவரும் கோவா மூட்டையை ஏற்றி அனுப்புபவரும் லீற்றருக்கு ஒரே வரியைத்தான் சுமக்கிறார்கள்.

வரியை மாற்றுவது நம் கையில் இல்லை. கூலிக் கணக்கைக் கேட்பது இருக்கிறது. விவசாயச் சங்கங்கள் ஒரு கொப்பியில் பயணத் தேதி, அன்றைய டீசல் விலை, ஏற்றிய நிறை, கொடுத்த கூலி ஆகிய நான்கையும் எழுதி வரலாம். லொறிக்காரரோடு அடிப்படை விலை ஒன்றைப் பேசி, டீசல் 10 ரூபாய் ஏறினால் பயணத்துக்கு 700 ரூபாய் கூட்டுவது, 10 ரூபாய் இறங்கினால் 700 ரூபாய் குறைப்பது என்று உடன்படலாம். எரிபொருள் விலை மாத இறுதியில் மீளாய்வு செய்யப்படுவது வழக்கமாகிவிட்டபடியால், மாதத் தொடக்கத்தில் ஒருமுறை பார்த்தால் போதும். திரும்பும்போது லொறி அரிசியோ உரமோ ஏற்றி வருகிறதா என்பதையும் விசாரிக்க வேண்டும். ஏற்றி வந்தால், திரும்பும் பயணத்தின் 35 லீற்றரை அந்தச் சரக்கின் கணக்கில்தான் எழுத வேண்டும்; நமது கரட் மூட்டையின் கணக்கில் அல்ல.