35 கிலோ நாய்க்கு ஸ்ட்ரோக் வந்தால்

ராத்திரி நன்றாகத்தான் சாப்பிட்டுப் படுத்தது. காலையில் எழுந்து நிற்க முடியவில்லை. தலை ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. கருவிழிகள் இடமும் வலமுமாக வெட்டி வெட்டி இழுக்கின்றன. நிறுத்தி வைத்தால் ஒரே பக்கமாகச் சரிந்து விழுகிறது, வாயிலிருந்து எச்சில் ஒழுகுகிறது. வயதான லாப்ரடாரோ ஜெர்மன் ஷெப்பர்டோ ராஜபாளையமோ வைத்திருப்பவர்கள் இப்படி ஒரு காலையைச் சந்திக்க நேரலாம். மும்பை செம்பூரில் ஏதோ ஒரு பில்டிங்கின் நான்காவது மாடியில் அந்த நாயின் அருகே உட்கார்ந்திருப்பவருக்கு உடனே எழுவது இரண்டு கேள்விகள். பிழைக்குமா? இதை எப்படித் தூக்குவது?

இரண்டாவது கேள்வியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். பல சமயம் முதல் கேள்விக்கான பதிலே அதில்தான் இருக்கிறது. அடிபட்ட மூளையைத் தேற்றிக்கொள்வதில் நாய் நாம் நினைப்பதைவிடக் கெட்டி. ஆனால் அது தேறி எழுவதற்குள், படுத்தே கிடக்கும் 35 கிலோ உடம்பு தன் எடையாலேயே தன்னைப் புண்ணாக்கிக்கொள்ளும். நெஞ்சில் சளி கட்டும், மூத்திரம் தேங்கும், தசை கரையும். பொமரேனியனை மடியில் தூக்கி வைத்துக்கொள்ளலாம். பெரிய நாய்க்கு வீடே ஆஸ்பத்திரியாக மாற வேண்டும்.

வந்திருப்பது மனிதர்களுக்கு வருகிற அதே ஸ்ட்ரோக்தான். மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் ரத்தக்கட்டி அடைத்துக்கொள்வது ஒரு வகை. குழாய் உடைந்து ரத்தம் கசிவது இன்னொரு வகை. நாய்களிடம் அடைப்பு வகையே அதிகம். நாய்க்கு ஸ்ட்ரோக் வருவது மிக அபூர்வம் என்றுதான் கால்நடை மருத்துவர்களே ஒரு காலத்தில் நினைத்திருந்தார்கள். எம்.ஆர்.ஐ. கருவிக்குள் நாய்களையும் படுக்க வைக்கத் தொடங்கிய பிறகுதான் அப்படியில்லை என்று தெரிந்தது. சிறிய ஜாதிகளில் அடைப்பு பெரும்பாலும் சிறுமூளையில் வருகிறது. பெரிய ஜாதிகளில் மூளையின் உட்பகுதிக்குள் ஓடும் மெல்லிய குழாய்கள் அடைபடுவது கூடுதல்.

காரணம் தேடினால் ஏறத்தாழ பாதி நாய்களிடம் வேறொரு நோய் அகப்படும். சிறுநீரகக் கோளாறு, இதய நோய், அட்ரினல் சுரப்பி மிகையாக வேலை செய்யும் குஷிங் நோய், உயர் ரத்த அழுத்தம் ஆகியவை அந்தப் பட்டியலில் முக்கியமானவை. மனிதர்களைப் போல ரத்தக்குழாயில் கொழுப்பு படிவது நாய்களிடம் அரிது. தைராய்டு குறைந்த நாய்களிடம் அதுவும் நடக்கும். மும்பைக்காரர்கள் நினைவில் வைக்க வேண்டிய இன்னொன்று உண்ணிக் காய்ச்சல். அது ரத்தத்தட்டுகளைக் குறைத்து, சில நாய்களுக்கு மூளைக்குள்ளேயே ரத்தக்கசிவை உண்டாக்கிவிடும். அதனால் ரத்தப் பரிசோதனையையும் ரத்த அழுத்தத்தையும் கேட்டு வாங்கிப் பார்த்துவிடுங்கள். முன்னங்காலிலோ வாலடியிலோ சின்னப் பட்டையைச் சுற்றி அழுத்தத்தை அளப்பார்கள். மேல் அளவு மறுபடி மறுபடி 160ஐத் தாண்டினால் அது மருந்து பற்றி யோசிக்க வேண்டிய அளவு. அடிப்படை நோயைக் கவனிக்காமல் விட்டால் ஸ்ட்ரோக் திரும்பி வரும் வாய்ப்பு அதிகம்.

எல்லாத் தலைசுற்றலும் ஸ்ட்ரோக் அல்ல. காதின் உட்பகுதியில் உள்ள சமநிலை உறுப்பு திடீரென்று கோளாறு செய்தால், வயதான நாய்க்கு இதே தலைச்சாய்வும் கண்வெட்டும் சரிவும் வரும். முதல் நாள் பார்க்கவே பயமாக இருக்கும். மூன்று நாளில் குறையத் தொடங்கி, இரண்டு மூன்று வாரத்தில் பெரும்பாலும் சரியாகிவிடும். பெரிய நாய்களுக்கென்றே வருகிற இன்னொன்றும் உண்டு. முதுகெலும்பு வட்டின் உள்ளே இருக்கும் கூழ்ப்பொருளில் ஒரு துணுக்கு, தண்டுவட ரத்தக்குழாயில் போய் அடைத்துக்கொள்ளும். பந்து விளையாடிக்கொண்டிருந்த நாய் வீல் என்று கத்தி விழும். கொஞ்ச நேரத்தில் வலி போய்விடும், கால் மட்டும் வராது, அதிலும் ஒரு பக்கம் கூடுதலாகப் பாதிக்கப்பட்டிருக்கும். முதுகுத்தண்டு ஸ்ட்ரோக் என்று சொல்வது இதைத்தான். விரலை அழுத்திக் கிள்ளினால் வலி தெரிகிறதா என்று மருத்துவர் பார்ப்பார். தெரிந்தால் நம்பிக்கைக்கு இடம் உண்டு. இந்த நாய்க்கும் வீட்டுப் பராமரிப்பு பெரும்பாலும் ஒன்றேதான்.

உறுதியாகத் தெரிய எம்.ஆர்.ஐ. வேண்டும், அசையாமல் கிடக்க நாய்க்கு மயக்க மருந்தும் வேண்டும். பெரிய மருத்துவமனைக்குப் போவதென்றால், மும்பையில் கால்நடை மருத்துவத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. 1874இல் தொடங்கிய பிராணி வதைத் தடுப்புச் சங்கத்தின் பரேல் மருத்துவமனை, சர் தின்ஷா பெட்டிட்டின் கொடையால் எழுந்து அவர் மனைவி சாகர்பாயின் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஊரார் அதை இன்றும் ‘பைல்கோடா ஆஸ்பத்திரி’ என்கிறார்கள். அதே வளாகத்தில் 1886இல் தொடங்கிய பம்பாய் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 2024இல் மகாலட்சுமியில் டாட்டா அறக்கட்டளையின் சிறு பிராணிகள் மருத்துவமனை திறந்தது. தன் நாயின் மூட்டுச் சிகிச்சைக்காக அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகம் வரை போக நேர்ந்ததையும், அப்போதும் காலம் கடந்துவிட்டிருந்ததையும் ரத்தன் டாட்டா சொல்லியிருக்கிறார். அந்த மருத்துவமனைக்கான எண்ணத்தின் பின்னால் அந்த அனுபவமும் இருந்தது.

செம்பூரிலிருந்து பரேலுக்கோ மகாலட்சுமிக்கோ போக ஆட்டோவை நம்பாதீர்கள். சயனுக்கு அப்பால் ஆட்டோவுக்கு அனுமதி கிடையாது. டாக்சியோ டெம்போவோ முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். நாயைக் கெட்டியான போர்வையில் கிடத்தி, நான்கு முனையையும் நான்கு பேர் பிடித்தால் தலை ஆடாமல் கொண்டுபோகலாம். வாட்ச்மேனையும் பக்கத்து வீட்டுப் பையனையும் கூப்பிடத் தயங்க வேண்டாம்.

அங்கே போனதும் பலருக்கு ஏமாற்றமாக இருக்கும். மனிதர்களுக்குப் போடும், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி நாய்க்கு அநேகமாகப் போடப்படுவதில்லை. கண்டுபிடித்து உறுதி செய்வதற்குள் அதற்கான நேரம் கடந்துவிடும். ஸ்டீராய்டால் பலனில்லை. குமட்டலுக்கு மருந்து, நரம்பு வழியே திரவம், வலிப்பு வந்தால் அதற்கு மருந்து, அடிப்படை நோய்க்குச் சிகிச்சை, அவ்வளவுதான். வீட்டு டப்பாவில் இருக்கும் பாராசிட்டமாலையோ ஐபுப்ரூஃபெனையோ எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். இரண்டும் நாய்க்கு நஞ்சாகக்கூடும்.

மீதி வேலை வீட்டுத் தரையில் தொடங்குகிறது. மும்பை வீடுகளின் வழுவழு டைல்ஸ் நல்ல காலுள்ள நாய்க்கே சோதனை. சமநிலை இழந்த நாய் அதில் கால்களைப் பரப்பி வழுக்கி விழுந்தால், தொடையில் தசை கிழியும், எழுந்து பார்க்கிற தைரியமும் போகும். படுக்கையிலிருந்து தண்ணீர்க் கிண்ணம் வரை, அங்கிருந்து வாசல் வரை ரப்பர் மேட்டோ யோகா மேட்டோ இடைவெளியில்லாமல் விரித்துவிடுங்கள். கால் பாதத்தின் அடியில் வளர்ந்திருக்கும் முடியையும் நகத்தையும் வெட்டிவிடுங்கள். பிடிப்பு உடனே கூடும்.

படுக்கைக்கு நான்கைந்து அங்குல ஃபோம் வேண்டும். அதன்மேல் ரெக்சின் உறை, அதற்குமேல் பருத்தித் துணி. இலவம்பஞ்சு மெத்தை மூத்திரத்தைக் குடித்துவிட்டு மழைக்காலம் முழுக்கக் காயாது. ரெக்சின் நேராகத் தோலில் பட்டால் வெந்துபோகும். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது நாயைப் பக்கம் மாற்றிப் படுக்க வையுங்கள், ராத்திரியிலும்தான். வீட்டில் இரண்டு மூன்று பேர் இருந்தால் முறை போட்டுக்கொள்ளலாம். பகலில் பிள்ளைகள் வேலைக்குப் போய்விட்டு வயதான அப்பா அம்மா மட்டும் இருக்கிற வீடென்றால், அவர்கள் நாயைத் தூக்கவே கூடாது. அடியில் விரித்த போர்வையின் ஒரு ஓரத்தைப் பிடித்து இழுத்து உருட்டினால் போதும், நாயே அடுத்த பக்கம் திரும்பும்.

பக்கம் மாற்றும்போதெல்லாம் இடுப்பு எலும்பு முட்டிக்கொண்டிருக்கும் இடம், முழங்கை, தோள், கணுக்கால் ஆகியவற்றில் முடியை விலக்கித் தோலைப் பாருங்கள். சிவப்பு தெரிந்தால் அதுதான் படுக்கைப்புண்ணின் முதல் நாள். துணியை வளையமாகச் சுற்றி, எலும்பு வளையத்தின் நடுவே வரும்படி வைத்து அழுத்தத்தைக் குறைக்கலாம். இடுப்புப் பக்கம் நனைந்திருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் துடைத்து ஈரம் போக ஒற்றி எடுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பை ஈக்கள் நனைந்த முடியில் முட்டையிட அதிக நேரம் எடுத்துக்கொள்வதில்லை. ஒரே நாளில் புழு வைத்துவிடும். ஃபேன் ஓடட்டும், பகலில் கொசுவலை போட்டாலும் தப்பில்லை.

மூத்திரம் போவதைக் கவனியுங்கள் என்று மருத்துவர் சொல்வதைப் பலர் காதில் போட்டுக்கொள்வதில்லை. நல்ல பழக்கமுள்ள நாய் வீட்டுக்குள் போகவே போகாது. உயிர் போனாலும் அடக்கிக்கொண்டு கிடக்கும். வழக்கமாக அது போகும் இடத்துக்கே கூட்டிப்போனால் அந்த வாசனையிலேயே பாதி காரியம் நடக்கும். 12 மணி நேரம் போகவில்லை என்றால் மருத்துவரிடம் போங்கள். மூத்திரப்பையை அழுத்தி வெளியேற்றுவதை அவர் கையைப் பிடித்துச் சொல்லித்தராமல் செய்யக் கூடாது.

கீழே கூட்டிப்போகப் பழைய வேட்டி போதும். நான்காக மடித்து, பின்னங்காலுக்குச் சற்று முன்னால் வயிற்றுக்கடியில் கொடுத்து, இரண்டு முனையையும் முதுகுக்கு மேலே சேர்த்துப் பிடியுங்கள். ஆண் நாயென்றால் குறியின்மேல் துணி அழுத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எடை முழுவதையும் நீங்கள் தாங்க வேண்டாம். சரியும்போது மட்டும் பிடிக்கிற அளவுக்குத் துணி இறுகட்டும், பாக்கி எடை நாயின் காலில் இறங்க வேண்டும். அப்படி இறங்கும் எடைதான் மூளைக்குப் பாடம்.

நாய்கள் சீக்கிரம் நடந்துவிடுவதற்குக் காரணம் அவற்றின் உடலமைப்பிலேயே இருக்கிறது. நம் கைகால் அசைவுக்குப் பெருமூளையின் மேற்பரப்பிலிருந்து கிளம்பும் நரம்புப் பாதைதான் ஆதாரம். அது அறுந்தால் கை விழுந்துவிடும். நாயின் நடைக்கு நடுமூளையும் மூளைத்தண்டுமே முக்கிய ஆதாரம். அதனால் பெருமூளையில் ஸ்ட்ரோக் வந்த நாய் சில நாளிலேயே நான்கு காலில் நின்றுவிடும். வட்டமாகச் சுற்றும், ஒரு பக்கம் பார்வை தெரியாது, சுவரில் முட்டும், ஆனால் நடக்கும்.

ஒரு பக்க உலகமே அதற்கு இல்லாமல் போவதும் உண்டு. கிண்ணத்தில் சாதம் வைத்தால் சரியாகப் பாதியைத் தின்றுவிட்டு நிமிர்ந்துவிடும். மீதிப் பாதி அப்படியே கோடு போட்டதுபோல் இருக்கும். பசியில்லை என்று எடுத்துவிடாதீர்கள். கிண்ணத்தைத் திருப்பி வையுங்கள், மறுபடி தின்னும். அப்படிப்பட்ட நாயை அது பார்க்காத பக்கத்திலிருந்து தொட்டால் திடுக்கிட்டுக் கடிக்கலாம். பெயர் சொல்லிக்கொண்டே பார்க்கிற பக்கமாகப் போங்கள், குழந்தைகளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

ஊட்டும்போது நாய் பக்கவாட்டில் படுத்திருக்கக் கூடாது. நெஞ்சு தரையில் பட, இரண்டு பக்கமும் தலையணை முட்டுக் கொடுத்து நிமிர்த்துங்கள். படுத்தபடி குடித்த தண்ணீர் நுரையீரலுக்குப் போனால் நிமோனியாவில் முடியும். மூச்சு வேகமானாலோ இருமினாலோ காத்திருக்காதீர்கள். நம் வீடுகளில் தயிர்சாதம்தான் நாய்க்கும். உப்பும் தாளிப்பும் இல்லாமல் கொடுத்தால் கெடுதல் இல்லை, ஆனால் கரையும் தசைக்கு அதில் புரதம் போதாது. முட்டை உள்ளே வராத வீடுகள் செம்பூரில் நிறைய. அவர்கள் மருத்துவரிடம் கேட்டுத் தயார் உணவு வாங்கிக்கொள்ளலாம். சாம்பார் சாதம் வேண்டாம், வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும்.

மருத்துவர் சரி என்றதும், பக்கவாட்டில் படுக்க வைத்து ஒவ்வொரு மூட்டையும் மெதுவாக மடக்கி நீட்டுங்கள். ஒரு வேளைக்குப் பத்துப் பதினைந்து முறை, நாளுக்கு இரண்டு மூன்று வேளை. அடுத்தது, வயிற்றுக்கடியில் தலையணை அடுக்கி நிற்க வைப்பது. நின்றதும் இடுப்பை லேசாக இடது வலமாகத் தள்ளினால், விழாமல் இருக்க அது காலை ஊன்றும். அந்த ஊன்றல்தான் நமக்கு வேண்டியது. களைப்பு தெரியுமுன் நிறுத்திவிட்டு, அன்றைக்கே இன்னும் இரண்டு தடவை செய்யுங்கள்.

பெரும்பாலான நாய்களுக்கு முன்னேற்றம் முதல் சில நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் தெரியத் தொடங்கும், பிறகும் வாரக்கணக்கில் தொடரும். தலைச்சாய்வு கொஞ்சம் நிரந்தரமாகத் தங்கிவிடலாம். அதனால் நாய்க்கு ஒரு கஷ்டமும் இல்லை. நினைவு மங்கிக்கொண்டே போனாலோ, வலிப்பு அடுத்தடுத்து வந்தாலோ கதை வேறு. அப்போது மருத்துவரோடு உட்கார்ந்து பேசத்தான் வேண்டும்.

படியேற முடியாத நாயை லிஃப்டில் ஏற்றக் கூடாது என்று சொசைட்டியில் யாராவது ஆட்சேபித்தால், இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலைக் காட்டுங்கள். வளர்ப்பு நாய்க்கு லிஃப்டை மறுக்கவோ, அதற்குத் தனிக் கட்டணம் வாங்கவோ கூடாது என்று அது சொல்கிறது. கூடவே கீழே சிந்தியதை நீங்களே துடைத்துவிடுங்கள், ஆட்சேபித்தவரும் அடுத்த நாள் கதவைப் பிடித்துக்கொள்வார்.

இவ்வளவு பெரிய நாயை இனி என்ன செய்வது, ஊசி போட்டு முடித்துவிடலாம் என்ற பேச்சு வீட்டில் பெரும்பாலும் முதல் நாளே எழுந்துவிடும். கண்வெட்டும் வாந்தியும் மோசமாக இருப்பதும் முதல் சில நாட்களில்தான். ஆபத்தான அறிகுறி ஏதும் இல்லையென்று மருத்துவர் சொன்னால், முதல் மூன்று நாளில் அந்த முடிவை எடுக்காதீர்கள்.