அப்பா ‘ஓ’, அம்மா ‘ஓ’, குழந்தை ‘பி’... சாத்தியமா? மெண்டல் பாடத்துக்குக் கைகொடுக்கும் ‘பாம்பே ரத்தம்’

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என எந்தப் பகுதிப் பள்ளியானாலும் பத்தாம் வகுப்பில் மெண்டலின் பட்டாணிச் செடி உண்டு. கட்டம் போட்டு எழுத்தை நிரப்பினால் மார்க் வந்துவிடும். அதே கட்டத்தில் ரத்த வகையை நிரப்பினால், ‘ஓ’ பெற்றோருக்கு ‘ஓ’ குழந்தைதான் பிறக்கும் என்று வரும். வேறு வகை வந்துவிட்டால்? சந்தேகம் முதலில் அம்மா மேல்தான் விழும். இங்கேதான் அறிவியல் வரலாறு உதவுகிறது.

விதி எப்படி வந்தது?

மெண்டலின் ஆய்வு 1866-ல் வெளியானது. 1900 வரை அதைப் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. அந்தச் சமயத்தில்தான் வியன்னாவில் கார்ல் லேண்ட்ஸ்டெய்னர் ரத்த வகைகளைக் கண்டறிந்தார். ஒரே மரபணுவின் மூன்று வடிவங்களே ஏ, பி, ஓ வகைகளைத் தீர்மானிக்கின்றன என்று 1924-ல் ஜெர்மன் கணிதவியலாளர் ஃபெலிக்ஸ் பெர்ன்ஸ்டைன் காட்டினார். கணக்கு முடிந்தது போலத்தான் இருந்தது.

மும்பையில் என்னாச்சு?

1952-ல் மருத்துவர் ஒய்.எம்.பெண்டே குழுவினர், அன்றைய பம்பாயில் கண்ட மூன்று பேரைப் பற்றி ‘லான்செட்’ இதழில் எழுதினர். அவர்கள் ரத்தம் ‘ஓ’ போலத் தெரிந்தது. ஆனால், ‘ஓ’ ரத்தமே அவர்களுக்குச் சேரவில்லை.

காரணம் ‘எச்’. சிவப்பணு மீதுள்ள ஏ, பி அடையாளங்கள் ‘எச்’ என்ற அஸ்திவாரத்தின் மேல்தான் அமைகின்றன. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான ‘எச்’ மரபணு வந்தால் அஸ்திவாரமே இருக்காது. ‘பி’ மரபணு இருந்தாலும் வெளியே தெரியாது. ஆனால், அது பிள்ளைக்குப் போகும். துணையிடமிருந்து நல்ல ‘எச்’ கிடைத்தால், பிள்ளையிடம் ‘பி’ வெளிப்படும்.

நமக்கு ஏன் முக்கியம்?

இந்தியாவில் சுமார் 10,000 பேரில் ஒருவருக்கு இந்த வகை இருப்பதாகக் கணக்கிடப்படுகிறது. ஐரோப்பாவில் இது மிக மிக அரிது. அத்தை மகன், மாமன் மகள் எனச் சொந்தத்தில் கல்யாணம் செய்யும்போது, இருவரிடமும் ஒரே பழுதான மரபணு இருக்க வாய்ப்பு கூடுகிறது.

பாம்பே வகையினருக்குப் பாம்பே வகை ரத்தம் மட்டுமே ஏற்ற முடியும். ‘ஓ’ ஏற்றினால் உயிருக்கே ஆபத்து. செல்லை மட்டும் சோதித்தால் ‘ஓ’ என்றே வரும். அவர்களின் பிளாஸ்மாவை ‘ஓ’ செல்களுடன் சேர்த்துப் பார்த்தால் விஷயம் பிடிபடும்.

வகுப்பில் எப்படிச் சொல்லலாம்?

விடையை முதலிலேயே சொல்லாமல், அந்த மூவரின் சோதனை முடிவைக் கொடுத்து ‘எங்கே இடிக்குது?’ என்று கேட்கலாம். மெண்டல் விதி உடையவில்லை, ‘எச்’ மரபணுவுக்கும் தனியாக ஒரு கட்டம் போட வேண்டும் என்று மாணவர்களே கண்டுபிடிப்பார்கள்.

வீட்டில் ரிப்போர்ட் பொருந்தவில்லையா? பதிவுப் பிழையாகவும் இருக்கலாம். யாரையும் சந்தேகிக்கும் முன் ரத்த வங்கியில் மறுபரிசோதனை செய்யுங்கள்.